பசி மருந்து

கழுத்துப்பட்டி கட்டி உத்தியோகம் பார்க்கிறவனுக்குத்தான் என் மகள் என்று மத்தேயு ஒற்றைக் காலில் நின்றதால்தான் ஸ்ரீபனுக்கு மார்கிறட் கிடைத்தாள். "கடலுக்குப் போறவன் வேண்டாம். என்ர பிள்ளை கரையில நிண்டு அழக்கூடாது" என்றார் முல்லைத்தீவில் தலைமுறையாக மீன் பிடிக்கும் மத்தேயு. மருந்துக் கம்பனி வேலையை விட்டுவிட வேண்டுமென்று ஸ்ரீபன் தினமும் நினைப்பான். மாமனாரின் முகம் ஞாபகத்துக்கு வந்ததும் பட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்வான்.

மாரி பொய்த்த அந்த வருடம் கம்பனி அவனிடம் தள்ளிய சரக்கு, பசியைத் தூண்டும் ரொனிக். குளம் வற்றி, வயல் வெடித்துக் கிடந்த கிளிநொச்சியில்! கொல்லன் தெருவில் ஊசி விற்கிறவன் இதைவிடப் பாக்கியசாலி.

விற்பனை ஏன் படுத்துவிட்டது என்று பார்க்க மனேஜர் கதிர்காமநாதன் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று ஸ்ரீபன் முடிவெடுத்தான். முரசுமோட்டை டிஸ்பென்சரிக்குப் போகும் பஸ்ஸில் வாயைத் திறந்தான். அதற்குள் முன் சீட்டுக்காரர் பட்டியையும் பையையும் கண்டு, "டொக்டர் ஐயா, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று நாக்கை நீட்டிவிட்டார். மனேஜரும் குனிந்து கவனமாகப் பார்த்தார்.

டிஸ்பென்சரியில் கடைசி நோயாளி போன பிறகுதான் கம்பனிக்காரர் டொக்டரைப் பார்க்கலாம். மத்தியானம் தாண்டியும் இருவரும் நோயாளிகளோடு வாங்குப் பலகையில் குந்தியிருந்தார்கள். பக்கத்தில் வீரம்மா, கயிறு அறுந்த ஆட்டுக்குட்டியை மடியில் அமுக்கிப் பிடித்தபடி இருந்தாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறி வயல் செய்கிற கமக்காரி.

"பையில என்னங்கய்யா?"

மனேஜருக்கு உசார் வந்தது. "பசியைக் கொண்டு வாற மருந்து, அம்மா."

வீரம்மா சிரித்த சிரிப்பில் குட்டி துள்ளியது. "அது எங்க வீட்டுல நெறையவே இருக்குங்கய்யா. அத அடக்குற மருந்து இருந்தா குடுங்க."

பிறகு அவருடைய வாடிய முகத்தைப் பார்த்துவிட்டு, தன் பொட்டலத்தை அவிழ்த்து ரொட்டியும் சம்பலும் நீட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்றபடியே மனேஜர் எல்லாவற்றையும் முடித்தார்.

"பாத்தீங்களா, மருந்தே குடிக்காம எப்படிப் பசிக்குதுன்னு!"

வாங்கு முழுக்கச் சிரித்தது. இந்தச் சத்தத்துக்குள் சொல்லிவிடலாமென்று ஸ்ரீபனுக்குத் தைரியம் வந்தது. "சேர், நான் வேலையை விடப்போறன்."

மனேஜர் விரலை நக்கினார். "நானும் இப்பிடித்தான் ஒருக்கா விடப்போனனான். பிடிச்சு மனேஜர் ஆக்கிப் போட்டாங்கள். இப்ப வயித்துப் புண்ணுக்குக் குளிசை விழுங்கிறன். நீர் யோசியாதையும், உமக்கும் பதவி உயர்வுக்கு எழுதுறன்."

ஸ்ரீபன் கணக்குப் பார்த்தான். மாமனார் ஏசினால் ஒரு கிழமை ஏசுவார், பிறகு வலை இழுக்கக் கூப்பிடுவார். இந்த வேலை சாகும்வரைக்கும் விடாது. அவன் பட்டியைக் கழற்றி வீரம்மாவிடம் கொடுத்தான்.

அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள். "இது கழுத்துல கட்டுறதுங்களாய்யா?"

"ஓம் அம்மா. குட்டிக்குக் கட்டுங்கோ. இறுக்கிக் கட்டாதையுங்கோ, பாவம்."