மறுபடி கேட்ட கேள்வி

குட்டி மேசையின் மேல் சிவப்புப் பொத்தான்களை ஒரு வரிசையாகவும், ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே ஒரு நீலப் பொத்தானையும் அடுக்கிவிட்டு டீச்சர் கேட்டாள்: “எதுல ஜாஸ்தி, சொல்லு பார்ப்போம்?”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள் பட்டாணி. உருண்டை முகத்துக்காக யாரோ வைத்த பெயர், அந்த மழலையர் பள்ளி முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தது.

டீச்சர் நீலப் பொத்தான்களை மட்டும் விரலால் தள்ளித் தள்ளி இடைவெளி விட்டாள். வரிசை நீண்டது. “இப்போ? எதுல ஜாஸ்தி?”

பட்டாணி பொத்தான்களைப் பார்த்தாள். டீச்சரின் முகத்தை அதைவிட அதிக நேரம் பார்த்தாள். “நீலம்.”

பயிற்சி வகுப்பில் சொன்னது அப்படியே நடந்தது. இந்த வயதுக் குழந்தைகளைக் கண் ஏமாற்றிவிடும், நீளமாகத் தெரிவதை நிறைய என்று நினைத்துக்கொள்வார்கள். பாடம் கண்ணெதிரே பலித்ததில் டீச்சருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பட்டாணியைப் பெரிய பள்ளிக்கு அனுப்பலாமா, இன்னொரு வருஷம் இங்கேயே வைத்துக்கொள்வதா என்று சோதித்துச் சொல்லச் சொல்லியிருந்தார் பெரிய டீச்சர். குழந்தையின் அம்மா பஸ் கண்டக்டர். பெரிய பள்ளி காலையில் சீக்கிரமே திறந்துவிடும். குழந்தையை அங்கே விட்டுவிட்டு முதல் வண்டியைப் பிடித்துவிடலாம். இந்த மழலையர் பள்ளி திறக்கும்வரை அவளைத் தினம் ஒரு வீட்டில் கெஞ்சி விட வேண்டியிருந்தது. “இன்னொரு வருஷம்னா வேலையை விட்டுட வேண்டியதுதான் டீச்சர்” என்று வாசல் கேட் அருகே நின்று சொல்லியிருந்தாள், தோள்பையைக்கூட இறக்காமல்.

இடைவேளையில் ஒரு பையன் தன் பிஸ்கட்டைச் சுக்குநூறாக நொறுக்கித் தட்டு நிறையப் பரப்பினான். “எனக்குத்தான் நிறைய!”

“ஒடைச்சா நிறைய ஆயிடுமா?” பட்டாணி நிமிரக்கூட இல்லை. “அதே பிஸ்கட்தான்.”

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த டீச்சருக்குப் புரையேறியது. போய் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“அப்போ காலையில ஏன்டா கண்ணு நீலம் ஜாஸ்தின்னே?”

பட்டாணி வாயிலிருந்ததை மென்று முழுங்கிவிட்டுச் சொன்னாள். “நீங்கதான் மறுபடி கேட்டீங்களே.”

“கேட்டா?”

“மொதல்ல சொன்னது சரின்னா எதுக்கு மறுபடி கேப்பீங்க?”

யோசித்துப் பார்த்தால், சரியாகச் சொன்ன பிள்ளையிடம் டீச்சர் இன்னொரு தடவை கேட்டதே இல்லை. ‘நல்லா யோசிச்சுச் சொல்லு’ என்றால், சொன்னது தப்பு என்று அர்த்தம். யாரும் சொல்லித் தராமலே அதைப் படித்து வைத்திருக்கிறதே இந்தக் குழந்தை! பொத்தான்களைப் பற்றித்தான் கேட்கிறோம் என்று இவள் நினைத்திருக்க, குழந்தை இவள் முகத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. எல்லாக் குழந்தைகளும் இப்படித்தானா? தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

மறுநாள், மறுபடி கேட்பதற்கான பழியைப் போட, காது கிழிந்த துணிக்கரடியை எடுத்து வந்தாள். பட்டாணி முதலில் ‘ஒண்ணுதான்’ என்றதும், கரடி மேசையில் உருண்டு நீலப் பொத்தான்களைத் தள்ளிப் பரப்பிவிட்டது. “ஐயையோ, கலைச்சுட்டானே! இப்போ எதுல ஜாஸ்தி?”

“ஒண்ணுதான். அவன் எதையும் எடுக்கலையே, தள்ளத்தானே செஞ்சான்.”

பிஸ்கட்காரப் பையனோ கரடி வந்தும் “நீலம்!” என்று அடித்துச் சொன்னான். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. பாடமும் பொய்யில்லை, ஆனால், பாடத்தோடு விஷயம் முடிந்துவிடவும் இல்லை.

பெரிய டீச்சர் நம்பவில்லை. “பொம்மையை வெச்சு நீயே பதிலை ஊட்டிவிடறியா?” என்றபடி குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார். “நானே கேக்கறேன்.”

அவர் பொத்தான்களைத் தொடுமுன் பட்டாணி அவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இல்ல, நான் கேப்பேன்.” கவனமாக இரண்டு வரிசை அடுக்கினாள். நீலத்தை இழுத்து நீட்டினாள். “எதுல ஜாஸ்தி?”

“ரெண்டும் சமம்” என்று பெரிய டீச்சர் சிரித்தார்.

பட்டாணி சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தபடி, அதே குரலில் கேட்டாள்: “எதுல ஜாஸ்தி?”

பெரிய டீச்சரின் சிரிப்பு மெல்ல வடிந்தது. சட்டென்று டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே ஊஞ்சல் ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் ‘டக்’கென்று ஒரு சத்தம். பெரிய டீச்சரின் நகம் முதல் பொத்தானைத் தொட்டது. பிறகு அடுத்ததை. பிறகு அதற்கடுத்ததை.