வாங்கிக்கொள்ள ஆளில்லாத சுமை

இணைய இணைப்புக்காக அவர் கட்ட வேண்டிய பாக்கி மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டு. நாலு மாத பில்லையும் எழுத்துக் கூட்டி, விரலை வைத்து வைத்துப் படித்துவிட்டார். ஒவ்வொன்றிலும் ஒரே வரிதான்: அளவுக்கு மேல் பயன்படுத்தியதற்கு. பயன்படுத்தியது யார் என்று மட்டும் எந்தப் பில்லிலும் போடவில்லை.

வீட்டில் இருப்பது அவர் ஒருவர். மகள் போய்ச் சேர்ந்து நாலு மாதம். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவருக்குத் தெரிந்தது அதன் மேல் படியும் தூசியைத் துடைப்பது.

மூட்டை தூக்கும் குடோனில் அவருக்குப் பெரியசுமை என்று பேர். வாலிபத்தில் ஒரே நடையில் இரண்டு மூட்டை தூக்கியதால் ஒட்டிக்கொண்டது. இப்போது ஒரு மூட்டைக்கே முட்டி முனகுகிறது, பேர் மட்டும் இளைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பில் விஷயத்தைச் சொன்னதும், கூட வேலை செய்யும் நெட்டை டிபன் டப்பாவை மூடிவிட்டுச் சிரித்தான்.

“அண்ணே, நீ இந்தப் பக்கம் வந்ததும் அங்க எலி உக்காந்து படம் பாக்குது.”

“எலி பாத்த படத்துக்கு நான் ஏண்டா காசு குடுக்கணும்?”

“அப்ப பக்கத்து வீட்டுக்காரன் திருடறான். பேசாம சுவிச்சைப் புடுங்கிப் போடு. பில்லும் நிக்கும், உன் பைத்தியமும் தெளியும்.”

அது செத்துப்போன மகளுடைய கம்ப்யூட்டர் என்று, சொன்ன பிறகுதான் நெட்டைக்கு உறைத்தது. “தப்பா நெனைக்காதண்ணே” என்று டப்பாவைத் திறந்தான், மூடினான்.

சுவிட்சைப் பிடுங்கப் பெரியசுமைக்குக் கை வராது. கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் மகள் ஒட்டிவைத்த சீட்டு இருக்கிறது: ‘அப்பா, வேலை போயிட்டு இருக்கு. கம்ப்யூட்டரை அணைக்காதீங்க.’ அப்பா படிக்க வேண்டுமே என்று ஒவ்வொரு எழுத்தையும் பெரிசாக, தள்ளித் தள்ளிப் போட்டிருந்தாள். ஐம்பத்து மூன்றாவது வயதில் அவரை நச்சரித்து எழுத்து வகுப்பில் சேர்த்துவிட்டவளே அவள்தான். அவருக்கென்று இந்த உலகத்தில் ஒருவர் எழுதிய முதல் கடிதம் அந்தச் சீட்டு.

பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, அதில் உள்ளதைத் தட்டச்சு செய்து ஒரு அலுவலகத்துக்கு அனுப்புவது அவள் வேலை. அன்று மத்தியானம் மூச்சு முட்டுகிறது என்று தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். குடோனுக்குத் தகவல் வந்து, மூட்டைத் தூசியோடு அவர் ஓடிப்போய் நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் காரியங்களை முடித்துவிட்டுத் தனியாக வீட்டுக்குள் நுழைந்தார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இணைப்புப் பெட்டியின் பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது.

அதற்கு எதிரே உட்கார்ந்துதான் அவர் சாப்பிடுவார். விளக்கு மின்னும்வரை அவள் வேலை நடக்கிறது என்று நினைப்பு. நெட்டையிடம்கூட இதைச் சொன்னதில்லை.

சனிக்கிழமை, இணைய இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் கேபிள்காரர் போன் பண்ணி, திங்கட்கிழமை இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்றார். பாதியில் அறுந்துபோனால் அவள் வேலை என்னாவது? ஞாயிற்றுக்கிழமை காலை பெரியசுமை அவரைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்தார்.

கேபிள்காரருக்கு வயது முப்பதுக்குள். பையைக் கீழே வைத்துவிட்டு முதலில் இணைப்புப் பெட்டியைப் பார்த்தார்.

“வெளியாள் யாரும் இதுல ஒட்டலைங்கய்யா. இழுக்கறது இந்தக் கம்ப்யூட்டர்தான்.”

“அதை யாரும் தொடறதே இல்லையே தம்பி.”

“தொட வேண்டாம், உள்ளுக்குள்ள அதுபாட்டுக்கு ஓடும். எது எவ்வளவு இழுக்குதுன்னு ஒரு பட்டியல் இருக்கு, இருங்க.” திரையில் வரிவரியாக ஏதோ வந்தது. ஒரு வரியில் விரலை வைத்தார். “இந்தா. மத்ததெல்லாம் துளித்துளி. இது ஒண்ணுதான் ஆத்துத் தண்ணி மாதிரி போயிட்டிருக்கு. பைலையெல்லாம் சேத்துக் கட்டின ஒரு பெரிய கட்டை ஒரு ஆபீசுக்கு அனுப்புது. முழுசும் அனுப்பி முடிச்சதும், ‘இப்படி ஒரு கணக்கு எங்ககிட்ட இல்லை’ன்னு பதில் வருது. உடனே மொதல்லேர்ந்து அனுப்புது. ஒரு நாளைக்கு நாலு தடவை.”

பெரியசுமை கையால் அளந்து காட்டிக் கேட்டார்.

“லாரியிலேர்ந்து மூட்டையைத் தூக்கறேன். குடோன் வாசல் வரைக்கும் போறேன். கதவு பூட்டியிருக்கு. திரும்பக் கொண்டாந்து லாரியில வெச்சு, மறுபடி தூக்கறேன். அப்படியா?”

“அச்சு அசல் அப்படித்தாங்கய்யா.”

“நாலு மாசமாவா? ஒரு தடவைகூட இறக்கலையா?”

“இல்லைங்கய்யா” என்று கேபிள்காரர் பட்டியலை மூடினார்.

அந்தக் கதவைப் பூட்டியது யார் என்று பெரியசுமைக்கு அப்போதுதான் விளங்கியது. மகள் இறந்த அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மகளுடைய போன் அடித்தது. கடைசிக் கட்டு இன்னும் வந்து சேரவில்லையே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். “அவ இல்லைங்க, இனிமே வர மாட்டா” என்றார். ஐயோ பாவம் என்றார்கள். அவள் கணக்கை அப்போதே மூடிவிடுவதாகச் சொன்னார்கள். அவரும் சரி என்றார். நன்றி என்றுகூடச் சொன்னார்.

ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“தம்பி, அதுல என்ன இருக்குன்னு பாக்க முடியுமா?”

திறந்து காட்டினார். ஒரு பக்கம் பழுப்பேறிய பதிவேட்டின் படம், அதற்கு நேராக அவள் தட்டச்சு செய்த வரிகள். கேபிள்காரர் கடைசிவரை தள்ளிக்கொண்டே போனார். “எல்லாத்தையும் முடிச்சிட்டாங்கய்யா. ஒரு வரிகூட விடல.”

“மூச்சு முட்டிக்கிட்டு முடிச்சிருக்கா” என்றார் பெரியசுமை.

குடோனில் ஒரு வழக்கம். கொண்டுபோன சுமையை ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் தூக்கியவன் நடை முடியும். உரியவன் இல்லை என்றால் வீட்டு மனுஷர் யாராவது போடலாம். சுமையை மட்டும் அந்தரத்தில் விடக்கூடாது. அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். திரையோரத்துச் சீட்டை உரிக்காமல், மகளுடைய எழுத்துக்குக் கீழே மெதுவாக எழுதினார்: பெற்றுக்கொண்டேன். தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். எழுத்து சரிந்து அவள் வரியின் மேல் ஏறிவிட்டது.

“எப்படி அணைக்கறதுன்னு சொல்லுங்க. நானே அணைக்கறேன்.”

அணைத்தார். உள்ளே சுற்றிக்கொண்டிருந்த விசிறி இழுத்து இழுத்து நின்றது. பச்சை விளக்கு மின்னாமல் நிலையாக எரிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவது முதல் தடவையாக அந்த அறைக்குள் கேட்டது. பெரியசுமை தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கேபிள்காரர் பையைத் திறந்து, எதையோ தேடுவதுபோல் நெடுநேரம் துழாவினார். பிறகு சொன்னார், “ஆபீஸ்ல பேசிப் பாக்கறேங்கய்யா. மிஷின் கோளாறுன்னு எழுதினா பாதிக்கு மேல தள்ளுபடி பண்ணிடுவாங்க.”

“கோளாறு இல்ல தம்பி. சொன்ன வேலையைத்தானே செஞ்சுது? என் பொண்ணு சுமை. கூலி நான் குடுத்துடறேன். ரெண்டு தவணையா வாங்கிக்குங்க, அது போதும்.”

முதல் தவணையை அந்த வாரக் கூலியில் கட்டினார். இரண்டாவதுக்கு மூன்று ஞாயிறு கூடுதல் லாரி இறக்க வேண்டியிருந்தது. அந்த ஞாயிறுகளில் வீட்டில் இருக்க வேண்டாமே என்று அவருக்கும் இருந்தது.

கேபிள் ஆபீசில் பணத்தை எண்ணி வைத்ததும் ரசீது தந்தார்கள். வெளியே வந்து வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்துப் படித்தார். இணைப்பு அவள் வாங்கியது. அதனால் மேலே அவள் பேர்தான் இருந்தது. அந்தப் பேருக்கு நேரே கடைசிக் கட்டத்தில் போட்டிருந்தார்கள்: பாக்கி இல்லை.