சுண்ணாம்பு மேட்டுப் பூக்கள்

தெருவில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். பால்காரர் ஒரு நாள் தாமதமாக வந்தால் போதும், யார் வீட்டு வாசலில் நின்று கதையளந்தார் என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கும் இருபத்திரண்டு வருடமாகப் பிடிபடாத ஆள் ஒருவர் உண்டு. அவள் வீட்டுக்காரர்தான்.

சொந்த வீட்டுக் குழாய் ஒழுகினால் ஒழுகட்டும் என்று படுத்திருக்கிற மனுஷன், அண்ணி வீட்டில் ஓடு விலகினால் ஏணியோடு ஓடுவார். அண்ணி என்றால் இவளுடைய அண்ணன் மனைவி. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்தில் அண்ணனைப் பறிகொடுத்தவள். அவள் "அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள், இவர் "சொல்லு தங்கச்சி" என்று உருகுவார். உருகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இவ்வளவா? நெருப்பில்லாமல் புகையுமா?

மூடிப்போன அந்தச் சுரங்கத்தின் நிலத்தை இப்போது காட்டு ஆர்க்கிட் சரணாலயம் ஆக்கியிருந்தார்கள். பார்த்துவிட்டு வரலாம் என்று இவள் மூன்று தடவை கூப்பிட்டும் அசையாதவர், அண்ணி ஒரு வார்த்தை சொன்னதும் மறுபேச்சில்லாமல் செருப்பை மாட்டினார். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்றே சி.ஐ.டி. கூடக் கிளம்பினாள்.

தொழிலாளர்கள் விளக்கு வாங்கிப்போன அறைதான் இப்போது டிக்கெட் கவுண்டர். சுவரில் கொக்கிகள் அப்படியே இருந்தன. அண்ணி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் கடைசியாக விளக்கு வாங்கிய இடம். விசாரணை நடத்தியவர்கள், அவன்தான் உள்ளே தீக்குச்சி கிழித்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஊரில் அண்ணி வீட்டுக்குத் தீப்பெட்டி வீடு என்று பெயர். கடைக்குப் போனால்கூட அண்ணி தலைகுனிந்துதான் நடப்பாள்.

வீட்டுக்காரர் அண்ணியையும் பார்க்கவில்லை, கொக்கியையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சி.ஐ.டி. அதைக் குறித்துக்கொண்டாள்.

வழிகாட்டிப் பெண் முன்னால் நடந்தாள். கரிக்கழிவுக் குவியல்களின் மேல் புதர் மண்டிக் கிடந்தது. ஒரு திருப்பத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு மேடு. அது முழுக்க ஊதா நிறப் பூக்கள், ஒவ்வொன்றும் விரல்நகம் அளவு.

"இந்த ஆர்க்கிட் சுண்ணாம்பு மண்ணுல மட்டும்தான் வரும். ஆனா இங்க சுத்துவட்டாரத்துல எங்கயுமே சுண்ணாம்பு கிடையாது. இந்த ஒரு மேட்டுக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு எங்களுக்கே புரியல" என்றாள் அந்தப் பெண்.

"போலாம் தங்கச்சி, வெயில் ஏறுது" என்றார் வீட்டுக்காரர்.

மணி பத்துகூட ஆகவில்லை. வானம் மூடிக் கிடந்தது. அவர் கழுத்து மட்டும் வியர்த்திருந்தது.

அண்ணி காதில் வாங்காமல் வழிகாட்டியோடு மேட்டின் மறுபக்கம் போனாள். சி.ஐ.டி. குனிந்தாள். பாசியை விரலால் விலக்கினாள். உள்ளே வெள்ளைத் தூள், மாவு போல. இன்னும் கிளறியபோது பிளாஸ்டிக் சாக்கின் கிழிந்த வாய் தட்டுப்பட்டது.

இந்தச் சுண்ணாம்புத் தூளை அவளுக்குத் தெரியும். நிலக்கரித் தூசியில் தீ பரவாமலிருக்கச் சுரங்கத்துக்குள் தரையிலும் சுவரிலும் இதைத் தூவுவார்கள். இந்தச் சுரங்கத்தில் அப்போது தூவுவது வீட்டுக்காரர் வேலை. ஆறு வருடம் அவர் சட்டையை அலசி வாளித் தண்ணீர் பால் மாதிரி ஆவதைப் பார்த்தவள் அவள். கடைசி ஒரு மாதம் மட்டும் சட்டை சுத்தமாக வந்தது. "இப்பதான் மனுஷன் மாதிரி வீட்டுக்கு வர்றார்" என்று அண்ணனிடமே சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஊர் அடுப்பில் என்ன வேகிறது என்று மோப்பம் பிடித்தவளுக்குத் தன் வீட்டு வாளி கண்ணில் படவில்லை.

"தூவினேன்னு விசாரணையில சொன்னீங்க" என்றாள்.

அவர் கிழிந்த சாக்கைக் காலால் மண்ணுக்குள் தள்ளினார். "லிஃப்ட் ரிப்பேர். ஒவ்வொரு சாக்கா முதுகுல சுமந்து இறக்கணும். லிஃப்ட் சரியானதும் சேத்துத் தூவிக்கலாம்னு இங்க கொட்டினேன். ஒரு மாசம்தானே, என்ன ஆயிடப்போகுதுன்னு…"

"நீங்க தூவினேன்னு சொன்னதாலதானே, அப்ப தீக்குச்சிதான் காரணம்னு எங்கண்ணன் தலையில கட்டினாங்க?"

அவர் தலையாட்டினார்.

இருபத்திரண்டு வருடம். இவர் அண்ணி மேல் ஆசைப்பட்டிருக்கக் கூடாதா என்று அவளுக்கு அழுகை வந்தது. அதென்றால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாமே.

அண்ணி மூச்சு வாங்க மேட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"அந்தப் பக்கம் இன்னும் நிறைய இருக்கு, பாத்தீங்களாண்ணே? அவரு போன இடம், இங்க கரியைத் தவிர ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன். யாரு கொண்டுவந்து கொட்டினாங்களோ, மகராசன் நல்லா இருக்கணும்!"

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. வாய் வரைக்கும் வந்ததை சி.ஐ.டி. விழுங்கினாள். இதை அவள் சொல்லக் கூடாது. அண்ணியின் கையை எடுத்துத் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"கொட்டினது யாருன்னு அண்ணி கேக்குறாங்கல்ல," என்றாள். "சொல்லுங்க."