ஆயிரத்தொரு கமலாப் பழம்

கண்ணாயிக்குக் கழுத்து நரம்பு விண்விண்ணென்று தெறித்தது. விடிந்ததிலிருந்து சாமித் தோப்பின் கமலாப் பழங்களைக் கூடை கூடையாகச் சுமந்து பாறையில் கொட்டியிருந்தாள். பங்கில் தனக்கு ஒன்றும் கிடையாது என்று தெரிந்துதான் சுமந்தாள்.

மலைமேல் எடப்புளி நாட்டில் அடிக்கிற புருசனை விட்டுவிட்டு, பிறந்த ஊரான இந்தத் திருப்புலி நாட்டுச் சிற்றூருக்கு அவள் திரும்பி வந்து ஒரு வருசம். தனியாகக் குடிசையும் போட்டுவிட்டாள். ஆனால் தோப்புப் பழத்தில் பங்கு வாங்கினால்தான் அது வீட்டுக் கணக்கில் சேரும். சாமை விதைக்கக் காடும் கிடைக்கும். அரிசியும் மண்ணெண்ணெயும் கிடைக்காத யுத்த வருசம். காடு இல்லையென்றால் கூலிக்கு மலையடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறங்க வேண்டியதுதான்.

பாறையில் வீட்டுக்கு ஒரு வட்டம் கரியால் போட்டு, வட்டத்துக்கு ஒரு பழமாகச் சுற்றிச் சுற்றி வைப்பார்கள். மிச்சம் விழுந்தால் ஒரு வட்டம் குறைத்தோ கூட்டியோ மறுபடி வைப்பார்கள். ஒத்துவந்தால் அதுதான் ஊருக்குச் சாமி சொன்ன வீட்டுக் கணக்கு. அப்போதும் ஒத்துவராவிட்டால் மிச்சம் சாமிக்கு. பெரும்பாலும் ஒத்துவராது.

அன்று பன்னிரண்டு வட்டத்தில் எண்பத்து மூன்று, எண்பத்து மூன்றாக விழுந்து ஐந்து பழம் மிஞ்சியது. ஊர்க்கவுண்டர் காளியண்ணன் ஒரு வட்டத்தைக் குறைக்கச் சொன்னார். தொண்ணூற்றொன்று, மிச்சமே இல்லை. ஊரில் ஒரு வீடு அதிகம் என்று சாமியே சொல்லிவிட்டது, கருப்பண்ணன் தன் அண்ணனோடு சேர்ந்து ஒரே வீடாகிவிடட்டும் என்றார் அவர். கருப்பண்ணன் தலையைச் சொறிந்தான். அவன் மனைவி பொன்னாயிதான் வாயைத் திறந்தாள்.

“தனியா உலை வச்சு ஆறு வருசமாச்சுங்க மாமா. எங்க மூத்தார் பொண்டாட்டி ஆக்கற களியை ஒரு நாளைக்கு நீங்க தின்னு பாருங்க, அப்பறம் சேரச் சொல்லுங்க.”

சிரிப்பு அடங்குவதற்குள், குறைத்தவர்கள் கூட்டியும் பார்க்கட்டும் என்று பிடிவாதமாக நின்றாள். ஒரு பக்கம் ஒத்துவந்தால் மறுபக்கம் ஒத்துவராது என்று காளியண்ணன் சொல்லிப் பார்த்தார். சலித்துக்கொண்டேதான் வைத்தார்கள். பதின்மூன்று வட்டம். எழுபத்தேழு. அதிலும் ஒரு பழம் மிஞ்சவில்லை.

பன்னிரண்டுக்குப் படியாமல் பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் படிகிற எண்ணிக்கையை அவர்கள் பார்த்ததில்லை. பங்கு வாங்க வந்திருந்த அர்த்தனாரி தன் குவியலை ஏழேழாகப் பிரித்துப் பார்த்தார். அதுவும் சரியாக வந்தது.

“ஏழு ஊடுன்னாலும் ஒத்துக்குமாட்ட இருக்குதுங்க. மிச்ச அஞ்சு ஊட்டுல ஆரைத் தொரத்தறது?” என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை; அவரவர் தங்கள் வட்டத்தைப் பார்த்தார்கள்.

“பதின்மூணுன்னா பழங் கொறையுதே, கண்ணு,” என்றார் காளியண்ணன் பொன்னாயியிடம்.

“கொறையட்டுங்க. பாதிப் பழம் கண்ணாயி சொமந்து வந்ததுதானுங்க.”

கண்ணாயி வீட்டையும் சேர்த்துப் பதின்மூன்றாகவே இருக்கட்டும் என்றார் காளியண்ணன். ஆனால் எண்பத்து மூன்று கிடைக்க வேண்டிய பன்னிரண்டு வீட்டுக்கும் ஆறாறு பழம் குறைந்துவிட்டது. அதை அடுத்த காய்ப்பில் கண்ணாயி திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னார். அவள் உடனே தலையாட்டினாள்.

காடு கிடைத்தது. சாமையும் சுமாராக விளைந்தது. மறு வருசம் பனியில் பூ கருகித் தோப்பு காய்க்கவில்லை. கண்ணாயி ஊருக்கு எழுபத்திரண்டு கமலாப் பழம் கடன்பட்டிருக்கிறாள்.