பள்ளிக்கூடப் படத்தில் அரிகா

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி நான் சொல்வதைப் பக்கத்துப் பட்டணமான புந்தா அரேனாஸில் யாரும் நம்புவதில்லை. என் கிடா ஒன்று பறந்துபோய் அர்ஜென்டினாவில் இறங்கியது. வழியெல்லாம் முள்கம்பியில் உரசிப் போனதால் மயிர் கத்தரிக்கிற வேலை மிச்சம். அதையே நம்பாதவர்கள் பல்தொமேரோ செத்த கதையை எங்கே நம்பப் போகிறார்கள்?

பல்தொமேரோவும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். வகுப்பில் தொங்கிய சிலி வரைபடத்தில், சுவரின் உயரம் போதாமல், நாட்டை மூன்று துண்டாக வெட்டிப் பக்கம் பக்கமாக வைத்திருந்தார்கள். வடகோடி அரிகா இடது மூலையில், தென்கோடி நாங்கள் வலது மூலையில், நடுவே கொஞ்சம் நீலம். நான் பிற்பாடு கப்பல் வேலைக்குப் போய்த் தெளிந்தேன். அவன் ஆட்டுப்பட்டியை விட்டு எங்கும் போனதில்லை. படத்தில் இடப்பக்கம் என்றால் மேற்கு; அதனால் அவனுக்கு அரிகா என்றால் மேற்கே தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம்.

அவன் மகள் யாஸ்னா அரிகாவில் வாழ்க்கைப்பட்டவள். பல்தொமேரோவுக்கு ஈரலில் புற்று முற்றி, டாக்டர் கைவிட்ட அன்று நான்தான் அவளுக்குப் போன் செய்தேன். நாளை மத்தியானம் வந்துவிடுவேன், அதுவரை அப்பாவைப் பிடித்து வையுங்கள் என்றாள்.

"மலைக்கு அந்தாண்ட இருக்கிறவளுக்கு ஒரு நாள் வேணுமா?" என்றான் பல்தொமேரோ. "வர மனசில்லன்னு சொல்லேன்டா."

கிட்டத்தட்ட நாலாயிரம் கிலோமீட்டர் என்றேன். சந்தியாகோவில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும், பறப்பதற்கே ஆறு மணி நேரம், காத்துக் கிடப்பது தனி என்றேன். என் ஆயுளில் அவனிடம் சொன்ன ஒரே உண்மை.

"உன் கிடா எத்தன மணி நேரம் பறந்துச்சு?" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி, ரத்தம் வந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியைக் காவல் வைத்துவிட்டு விமான நிலையம் போனேன். விமானம் வந்தது, ஆனால் இறங்க முடியவில்லை. எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி அந்த மேற்கு மலைக்கு மேலே அசையாமல் நின்றது. கீழே காத்திருந்த நாங்கள் ஒரு கெண்டி வெந்நீர் தீரும்வரை மாத்தே டீ உறிஞ்சினோம்.

ஒருவழியாகக் காற்று விட்டு விமானம் இறங்கி, யாஸ்னாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் கட்டில் காலி. பக்கத்து வீட்டுக்காரி விறகு எடுக்கப் போன நேரத்தில் எழுந்து போயிருக்கிறான். பனியில் காலடித் தடம் மேற்கே போயிற்று. பாதி மலையில் உட்கார்ந்திருந்தான். கல்யாணக் கோட்டு, மை பூசித் துடைத்த பூட்ஸ். முகம் உச்சியைப் பார்த்தபடியே விறைத்திருந்தது.

உன்னை எதிர்கொண்டு அழைக்கத்தான் கிளம்பியிருக்கிறான் என்றேன். யாஸ்னா அழவில்லை. அவன் கோட்டுப் பொத்தானைச் சரியாகப் போட்டாள்.

"பிளேன் ஜன்னல் வழியா பாத்தேன் மாமா. யாரோ பனியில ஏறிப் போயிட்டிருந்தாங்க. விழுந்து விழுந்து எழுந்தாங்க. இந்தக் காத்துல எந்தப் பைத்தியம்னு நெனச்சேன்."

"அது வேற ஆளும்மா," என்றேன். "ஆடு தேடிப் போனவன்."

அவளும் என்னை நம்பவில்லை.