குரல் கொடுத்தவன் பங்கு

இரண்டாவது தடவையும் சிவப்புக் கொடி ஏறியது. ரங்கநாத் அறுபது கிலோ எடை மாட்டிய கம்பியைத் தாங்கியில் திரும்ப வைத்துவிட்டு, கொடி பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றான். மிச்சம் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் ஆறு வருஷம் பார்த்த வேலை போச்சு.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு தனியார் கம்பெனியின் மீட்புக் குழுவில் அவன் ஒப்பந்த ஆள். கப்பலின் அடித்தளத்தில் எவனாவது காற்றில்லாமல் மயங்கி விழுந்தால், இறங்கித் தூக்கி வருகிற கூட்டம் அது. இப்போது கம்பெனி நிரந்தரக் குழு அமைக்கிறது. பன்னிரண்டு இடத்தில் பதினொன்று நிரம்பிவிட்டது. மீதி ஒப்பந்த ஆட்களை மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் கடைசி இடத்துக்குத்தான் இந்தத் தேர்வு. நின்ற வாக்கில், அறுபது கிலோ கம்பியைக் கழுத்தெலும்பிலிருந்து தலைக்கு மேல் தூக்கி நிறுத்த வேண்டும். முழங்கால் மடங்கக் கூடாது. இதென்ன பிடிவாதம் என்று கேட்டால், காரணம் இருக்கிறது. கப்பலுக்குள் இரும்பு ஏணியின் நடுத்தட்டில் நின்றுகொண்டு, ஸ்ட்ரெச்சரை மேலே நிற்பவன் கையில் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் முழங்காலை மடக்கி உந்துகிறவனுக்குக் கால் வழுக்கும். அவன் மட்டுமா விழுவான், ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறவனும் அல்லவா சேர்ந்து விழுவான்!

தேர்வை நடத்திய ஜேசுபாதம் சார் காலையிலேயே விதியைச் சொல்லிவிட்டார். கம்பி கழுத்தெலும்பில் அசையாமல் உட்கார வேண்டும். அவர் 'பிரஸ்' என்ற பிறகே தூக்க வேண்டும். அவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் கைகள் தலைக்கு மேலே பூட்டி நிற்க வேண்டும். 'டவுன்' என்றால்தான் இறக்கலாம். முழங்காலைக் கவனிக்க பெவின் என்ற பையன் சிவப்புக் கொடியும் கையுமாகப் பக்கத்தில் குத்தவைத்திருந்தான். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. ஒன்றுக்கு மேற்பட்டவர் தேறினால் குழுவில் மூத்தவருக்கு இடம்.

தேர்வுக்கு வந்தவர்கள் ஏழு பேர். ஐந்து பேர் தோற்று வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் முதல் வாய்ப்பிலேயே தேறியிருந்தான். அவன் ஜாக்சன், கீழவைப்பார்க்காரன், ரங்கநாத்தின் உற்ற கூட்டாளி. குழுவில் ரங்கநாத்தைவிட எட்டு மாதம் இளையவன். கணக்கு அவ்வளவுதான். ரங்கநாத் தூக்கினால் ரங்கநாத்துக்கு வேலை. தூக்காவிட்டால் ஜாக்சனுக்கு வேலை.

இதில் சங்கடமான சங்கதி என்னவென்றால், ரங்கநாத்துக்கு இந்தத் தூக்கலைக் கற்றுக்கொடுத்ததே ஜாக்சன்தான். மூன்று மாதம், தினமும் விடிகாலையில், ஜாக்சன் வீட்டு மொட்டை மாடியில். கம்பியை விரலில் தொங்கவிடாதே, உள்ளங்கையின் அடிமேட்டில் உட்கார வை, மணிக்கட்டு பின்னால் ஒடிந்தால் பலம் அங்கேயே செத்துப்போகும் என்பான். முழங்கை கம்பிக்கு ஒரு விரற்கடை முன்னால் இருக்க வேண்டும். முகவாயைப் பின்னால் இழுத்துக்கொண்டு கம்பிக்கு வழி விட வேண்டும்; அது மூக்கை உரசுகிற மாதிரி நேரே ஏற வேண்டும்; நெற்றியைத் தாண்டியதும் தலையை முன்னால் கொண்டுவந்து கம்பிக்கு அடியில் நுழைத்துவிட வேண்டும். முதுகை வளைத்து நெஞ்சை வானத்துக்குக் காட்டினால் ஜாக்சன் பிரம்பால் விலாவில் ஒரு தட்டு தட்டுவான். மூச்சு பிடிப்பதையும் அவன்தான் சொல்லித்தந்தான். சங்கு குளிக்கிற குடும்பம் அல்லவா. முங்குவதற்கு முன்னால் அடிவயிற்றில் இறக்குவார்களே, அந்த மூச்சு.

அதே சங்கு குளிப்பில்தான் ஜாக்சனின் இடது காது ஜவ்வு கிழிந்தது. இன்னொரு முறை ஆழத்துக்குப் போனால் அந்தக் காதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். துறைமுக வேலை இல்லையென்றால் அவனுக்கு அண்ணன் படகுதான் கதி. அது ரங்கநாத்துக்கும் தெரியும். தெரிந்தேதான் மூன்று மாதம் அவனிடம் கற்றுக்கொண்டான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை வேண்டுமே!

மாடியில் அறுபத்தைந்து கிலோவைத் தூக்கியவன் இங்கே ஏன் இரண்டு முறை தவறினான்? எல்லாம் பாசம் செய்த வேலை. ரங்கநாத்தின் ஊர் தாமிரபரணிக் கரையில் ஒரு பெருமாள் கோயில் ஊர். அவன் குடும்பம் ஸ்ரீபாதம் தாங்கிகள். புறப்பாட்டில் பெருமாளைத் தோளில் சுமக்கிறவர்கள். பதினெட்டு வயதிலிருந்து அவன் தண்டுக்குத் தோள் கொடுக்கிறான். இன்றைக்கு அவனுக்குத் துணையாக அம்மாவின் தம்பி பராங்குசம் மாமாவும், கூடச் சுமக்கிற நான்கு பேரும் காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். கையில் ஒரு தூக்குச்சட்டி நிறைய மடப்பள்ளிப் புளியோதரை வேறு. தேர்வு நடந்த கிடங்கின் சுவரோரம் வரிசையாக பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள்.

சுமக்கிறவர்களுக்கு ஒரு கட்டு உண்டு. முன்தண்டில் நிற்கிற மாமா 'கோவிந்தா' என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கு முன்னால் ஒருத்தன் அசையக் கூடாது; குரல் வந்தபின் ஒருத்தன் நிற்கக் கூடாது. எல்லோரும் முழங்காலை லேசாக மடக்கி ஒரே மூச்சில் எழ வேண்டும். ஒருவன் முந்தினாலும் பிந்தினாலும் பெருமாள் சாய்ந்துவிடுவார். புறப்பாடு முடிந்ததும் பிரசாதத்தில் முதல் உருண்டை குரல் கொடுத்தவருக்கு. இத்தனை வருஷமும் அது மாமாவின் பங்கு.

முதல் வாய்ப்பில், ரங்கநாத் கம்பியைக் கழுத்தெலும்பில் வாங்கி நின்றதுதான் தாமதம், மாமா அடிவயிற்றிலிருந்து 'கோவிந்தா' என்றார். ஜேசுபாதம் சார் இன்னும் வாயே திறக்கவில்லை. ரங்கநாத்தின் உடம்பு எழுந்துவிட்டது. கம்பி மேலே போய் அழகாக நின்றது, என்ன பிரயோசனம்? சிவப்பு. இரண்டாவது வாய்ப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மாமா விடுவாரா, இன்னும் உரக்கக் கூப்பிட்டார். கைகள் அடங்கி நின்றன, முழங்கால் அடங்கவில்லை. பெவின் கொடியைத் தூக்கிவிட்டான்.

அடுத்த வாய்ப்புக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. ரங்கநாத் தண்ணீர்க் குடத்துப் பக்கம் போய் நின்றான். ஜாக்சன் வந்து அவன் முன்னால் நின்றான்.

"ஏலே, அவுக கூப்பிட்டா நீ எந்திரிக்க. அவுகள கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுல."

"எப்படில சொல்ல? பெருமாள் பேரைச் சொல்லாதீங்கன்னா சொல்ல முடியும்?"

ஜாக்சன் ஜேசுபாதம் சாரிடம் போய்க் கேட்டுப் பார்த்தான். பார்க்க வந்தவர்கள் சத்தம் போடுவதைத் தடுக்க விதியில் இடமில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். ஜாக்சன் ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தான். பிறகு நேரே பெஞ்சிக்குப் போனான். மாமாவுக்கு எதிரே தரையில் குத்தவைத்து, கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ தணிந்த குரலில் பேசினான். மாமாவின் முகம் கறுத்ததை ரங்கநாத் தூரத்திலிருந்தே கண்டான்.

"பகவான் நாமத்தைச் சொல்லப்படாதுங்கறியா நீ?" என்று மாமா கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

ஜாக்சன் அதற்கு என்ன சொன்னானோ. மாமா தோளில் கிடந்த துண்டின் முனையைச் சுருட்டி, தன் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். மற்ற நால்வரும் குனிந்துகொண்டார்கள்.

ஜாக்சன் திரும்பி வந்து கடைசியாக ஒன்று சொன்னான். கால் பெருவிரலால் தரையைப் பிடி, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கு, முழங்கால் சில்லு மேலே ஏற வேண்டும், அது மடங்க இடமே இருக்கக் கூடாது என்றான். ரங்கநாத் தலையாட்டிவிட்டுப் போனான்.

மூன்றாவது வாய்ப்பு. கம்பிக்கு அடியில் நுழைந்தான். உள்ளங்கையின் அடிமேடு, நேரான மணிக்கட்டு, முன்னால் முழங்கை. இரண்டடி பின்னால் எடுத்து வைத்து நின்றான். பெருவிரல்கள் தரையைப் பிடித்தன. தொடை கல்லாக இறுகியது. அடிவயிற்றில் மூச்சை இறக்கினான். கிடங்கில் ஒரு சத்தமில்லை. தகரக் கூரையில் காற்று மட்டும் தடதடத்தது.

"பிரஸ்."

ரங்கநாத் தூக்கவில்லை.

தூக்க வேண்டும் என்று மூளைக்குத் தெரிகிறது. தோளும் கையும் தயாராகத்தான் இருக்கின்றன. ஆனால் உடம்பு எதற்கோ காத்து நிற்கிறது. குரல் வரவில்லையே! குரல் வராமல் அசையக் கூடாது என்று பன்னிரண்டு வருஷம் தோளில் ஏற்றி வைத்த பாடம், இப்போது அவனைக் கட்டிப்போட்டது.

"ஒண்ணு. ரெண்டு."

அறுபது கிலோவும் கழுத்தெலும்பை அழுத்தியது. கீழே போட்டாலும் தோல்வி, நின்றாலும் தோல்வி.

"மூணு. நாலு."

மாமா துண்டைக் கடித்தபடி கண்ணை மூடியிருந்தார். வாக்குக் கொடுத்துவிட்டார், இனி உயிரே போனாலும் வாய் திறக்க மாட்டார். அவர் வாயை அடைத்தது யார்? ஜாக்சன். அந்த நேரத்தில் ரங்கநாத்தின் மனசில் ஒரு விஷம் ஏறியது. தெரிந்துதான் செய்தானா? குரல் இல்லாமல் நான் எழ மாட்டேன் என்று தெரிந்துகொண்டே போய் அடைத்தானா? நான் தோற்றால் அவனுக்குத்தானே வேலை!

"அஞ்சு. ஆறு."

பிடித்த மூச்சு நெஞ்சுக்குள் முட்டியது. கண்ணில் பூச்சி பறந்தது.

"ஏழு."

"கோவிந்தா!"

குரல் பெஞ்சியிலிருந்து வரவில்லை. இடது பக்கத்திலிருந்து, காற்றையும் அலையையும் மீறிக் கூப்பிட்டுப் பழகிய ஒரு கடற்கரைத் தொண்டையிலிருந்து வந்தது. ராகமும் இல்லை, இழுப்பும் இல்லை. படகுக்காரன் கரையைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

உடம்புக்கு அது போதும். முழங்கால் மடங்கப் பார்த்தது. இறுகிய தொடை இடம் கொடுக்கவில்லை. முகவாய் பின்னால் போனது. கம்பி மூக்கை உரசிக்கொண்டு ஏறியது. நெற்றியில் ஒரு கணம் நின்றது. பெருமாளைச் சுமந்து காய்த்த வலது தோள் முந்தியது, இடது கை பின்தங்கியது. "எட்டு" என்றார் ஜேசுபாதம் சார். ரங்கநாத் தலையை முன்னால் நுழைத்தான். இடது முழங்கை நடுங்கி நடுங்கிப் பூட்டியது. "ஒம்பது" என்று சொல்லி அவர் நிறுத்தினார். கம்பி தலைக்கு மேலே நின்றது.

"டவுன்."

பெவின் கொடியைத் தூக்கவில்லை. பெஞ்சியிலிருந்த ஐந்து பேரும் அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்துக் கூப்பிட்ட கூப்பாட்டில் தகரமே அதிர்ந்தது.

ஜேசுபாதம் சார் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். ரங்கநாத் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜாக்சனைத் தேடினான். அவன் வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். ரங்கநாத் அவனுடைய வலது காதுப் பக்கமாகப் போய் நின்றான்.

"ஏன்ல கூப்பிட்ட?"

"ஏழு எண்ணியாச்சு. நீ மரம் மாதிரி நிக்க. அந்த மாமாகிட்ட வாயத் தெறக்காதீகன்னு நான்தான சொல்லிட்டு வந்தேன்? அப்பம் நான்தான கூப்பிடணும்."

"உனக்கு வரவேண்டிய வேலைல்லா அது."

ஜாக்சன் குழாயை மூடினான், ஒழுகியது, இன்னும் இறுக்கி மூடினான்.

உன்மேல் சந்தேகப்பட்டேன் என்று சொல்ல ரங்கநாத்துக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன், நீ வேலையை எடுத்துக்கொள் என்றான். சொல்லும்போதே, சரி என்று சொல்லிவிடுவானோ என்று உள்ளே பதறியது. சீ, இதுவும் ஒரு மனசா என்று தன்னையே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"கிறுக்குத்தனம் பண்ணாத," என்றான் ஜாக்சன். "வீட்டுல பிலோமினாகிட்ட மட்டும் நான் கோவிந்தான்னு கூப்பிட்டத சொல்லிராத. ஞாயித்துக்கெழம கோயில்ல வச்சு மானத்த வாங்கிருவா."

அவன் சிரித்தான். ரங்கநாத்தால் சிரிக்க முடியவில்லை.

அதற்குள் மாமாவும் மற்றவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். வேப்பமர நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். புளியோதரையும் எள்ளும் மணத்தன. முதல் உருண்டையை மாமா உருட்டினார். எல்லோரும் வழக்கப்படி அவர் வாயில் போட்டுக்கொள்வார் என்று நின்றார்கள். அவர் உருண்டையைக் கையில் ஏந்திக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"குரல் கொடுத்தவன் எங்கே?"

ஜாக்சன் பின்வாங்கினான். தான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன் என்றான். மாமா அதைக் கேட்டுக்கொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கிட்டே போய் நின்று, அவன் கையை நீட்டும்வரை நின்றார். ஜாக்சன் கழுத்தில் கிடந்த சிலுவைச் செயினைச் சட்டைக்குள் போட்டுவிட்டு, ஈரக்கையைத் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பசித்தவன்போல ஒரே வாயில் போட்டு மென்றான்.

"நல்லா இருக்கு சாமி," என்றான். பிறகு அண்ணனுக்குப் போன் பண்ண வேண்டும் என்று, வலது காதில் போனை வைத்துக்கொண்டு மதில் பக்கமாக நடந்தான். நாளைக்கு எத்தனை மணிக்குப் படகு தள்ளுகிறீர்கள் என்று அவன் கேட்டது நிழலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

மாமா இரண்டாவது உருண்டையை ரங்கநாத்திடம் கொடுத்தார். அவன் வாங்கி வாயில் வைத்தான். மதில் பக்கத்தையே பார்த்துக்கொண்டு மென்றான்.