டெஸ்மண்டின் மஞ்சள் கோடு

காரை நிறுத்திவிட்டு, சாவியைத் திருகி அணைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மெதடிஸ்ட் சபைக் கூடத்தின் வாசலில் ஜெஃப்ரி மழையில் நனைந்த அறிவிப்புப் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பர்ன்லி ரயில் மாடல் கிளப்பின் கோடைக் கண்காட்சி, உள்ளே தேநீர் கிடைக்கும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தேநீர் நான்தான். முப்பது வருடமாக அந்தக் கூடத்து அடுப்படியில் முட்டை சாண்ட்விச்சுக்கு ஓரம் வெட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து இருக்கையில் என் கணவர் வில்ஃப், எஞ்சின் இருந்த டப்பாவைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார்.

"இன்னொரு தடவ சொல்லு, கேப்போம்," என்றேன்.

"அருமைன்னு சொல்லணும்."

"அப்புறம்?"

"அப்புறம் வாய மூடிக்கிட்டு இருக்கணும்." சிரித்தார். "நான் என்ன பச்சப் புள்ளையா டோரீன்?"

பச்சைப் பிள்ளையாக இருந்திருந்தால் கவலையே இல்லை. வில்ஃபின் வாய் அப்படிப்பட்டது. யார் ஒரு எஞ்சினைப் பெட்டியிலிருந்து எடுத்தாலும் இவர் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொம்மைக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சபை நடுவே வாசிப்பார். கொதிகலன் ஒரு மயிரிழை உயரம், படிக்கட்டு தப்பான இடத்தில், இந்த எண் போட்ட எஞ்சின் அந்த வருடம் ஸ்காட்லாந்தில் இருந்தது, இங்கே எப்படி வந்தது, நீந்தியா? ஆணி எண்ணுகிறவர் என்று இப்படிப்பட்டவர்களுக்குப் பெயர். அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டவர் அவர். இத்தனைக்கும் அவர் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும். அதுதான் எரிச்சலே. தப்பாகச் சொல்கிறவனை மன்னித்துவிடலாம்.

போன வசந்தகாலக் கண்காட்சியில் ஜெஃப்ரியின் புது எஞ்சினைப் பார்த்து, "இது எஞ்சின் இல்லப்பா, சக்கரம் வெச்ச சோப்பு டப்பா," என்று சொல்லிவிட்டார். ஜெஃப்ரியின் பேத்தி பக்கத்தில் நின்றிருந்தாள். ஜெஃப்ரி கிளப்பின் தலைவர். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தார். தேநீர் போடட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவர் தேநீர் வேண்டாம் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். "கமிட்டியில பேசியாச்சு டோரீன். இன்னும் ஒரு தடவ யார் மனசையாவது நோகடிச்சான்னா, அவன் வெளிய. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு," என்றார்.

வெளியே என்றால் எங்கே? வேலையை விட்ட பிறகு வில்ஃபுக்கு இருப்பது அந்தக் கூடமும் அந்த மனிதர்களும்தான். பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை மாலைகளில் அவரைக் கிளப்பில் விட்டுவிட்டு வந்து, வீட்டில் தனியாக நாற்காலியில் சாயும்போதுதான் எனக்கும் மூச்சு வரும். அதனால் அவரை நச்சரித்தேன். காலை, மாலை, பல் தேய்க்கும்போதுகூட. நச்சரிப்பு பலித்தது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாளாகவே சாந்தமாகிவிட்டார். மாதப் பத்திரிகை வந்தால் ஓரத்தில் பென்சிலால் திருத்தாமல் படம் மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கிறார். வயசான காலத்தில் மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டதே என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

உள்ளே போனதும் ஜெஃப்ரி என்னைப் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் இழுத்துப்போனார்.

"இன்னிக்கு டெஸ்மண்ட் செஞ்ச ரயில் பெட்டிக்கு முதல் ஓட்டம்," என்றார் மெதுவாக. "அதுல ஒரு தப்பு இருக்கு. பாத்தா உனக்கே தெரியும். பாவம், பனிக்காலம் பூரா உக்காந்து செஞ்சிருக்கான். யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உன் ஆள..."

"சொல்லிட்டுத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"நல்லாச் சொன்னியா?"

"ஞானஸ்நானம் மட்டுந்தான் பாக்கி," என்றேன். சிரிக்காமல் போய்விட்டார்.

டெஸ்மண்ட் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். விரல் ஒவ்வொன்றும் பன்றி சாசேஜ் தடிமன். அந்தக் கையால் அவர் தகரத்தையும் பிளாஸ்டிக்கையும் வெட்டி, தானே செய்த முதல் பெட்டி அது. எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் செய்த எதையும் கதவு திறப்பதற்கு முன் முதல் தடவை ஓட்டும்போது எல்லாரும் வேலையை விட்டுவிட்டு தண்டவாளம் பதித்த மேசையைச் சுற்றி நிற்பார்கள். பின்பக்கத்தில், திரைக்கு மறைவாக ஓர் ஏற்றம் இருக்கிறது. அதில் வழுக்காமல் ஏறி முன்னால் வந்தால்தான் பொதுமக்கள் பார்வைக்குப் போகலாம். வந்து நின்றதும் வில்ஃப் குனிந்து பார்த்துத் தீர்ப்பு சொல்வார். அப்படி யாரும் அவரை நியமிக்கவில்லை, காலப்போக்கில் ஆகிவிட்டது.

ரயிலை இழுத்தது வில்ஃபின் எஞ்சின். எட்டுப் பெட்டி, கடைசியாக டெஸ்மண்டின் பெட்டி. திரைக்குப் பின்னால் ஏற்றத்தில் முனகல் சத்தம் கேட்டது. ஒரு தடவை சக்கரம் சுழன்று வழுக்கி, மறுபடி பிடித்தது. டெஸ்மண்ட் தன் கம்பளிச் சட்டையின் நுனியைப் பிசைந்துகொண்டு நின்றார். ரயில் வளைவில் திரும்பி வந்து பிளாட்பாரத்தில் நின்றது.

நான் பார்த்தேன். முதல் வகுப்பு ஜன்னல்களுக்கு மேலே, கூரை ஓரமாக, மெல்லிய மஞ்சள் கோடு. எங்கள் மேசையில் எப்போதும் ஐம்பத்தைந்தாம் வருடக் கோடைகாலம்தான். அந்த வருடம் ஓடாத எதுவும் அங்கே ஓடக் கூடாது. முதல் வகுப்புக்கு மஞ்சள் கோடு போட ஆரம்பித்தது அறுபது வாக்கில். டெஸ்மண்ட் சின்னப் பையனாக அப்பாவோடு நின்று பார்த்த ரயிலில் அந்தக் கோடு இருந்திருக்கும், அந்த ஞாபகத்தில் போட்டிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், இந்தக் கோட்டைப் பற்றி மட்டும் வில்ஃப் காலைச் சாப்பாட்டின்போது எத்தனை முறை பொரிந்து தள்ளியிருக்கிறார் என்பதற்குக் கணக்கில்லை.

வில்ஃப் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. நான் சாண்ட்விச் கத்தியைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தேன். நல்லவேளையாக யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"அருமை," என்றார்.

ஜெஃப்ரி மூச்சு விட்டது எனக்கே கேட்டது. டெஸ்மண்டின் முகம் மலர்ந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"அதுலயும் அந்த மஞ்சக் கோடு," என்றார் வில்ஃப், விரலை நீட்டி. "ஐம்பத்தஞ்சுல அச்சு அசல் இப்படியேதான் இருந்துச்சு. இதப் போட நிறையப் பேரு மறந்துருவான். நீ மறக்கல பாரு."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்து, பிறகு இருமினார்கள். டெஸ்மண்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஜெஃப்ரி புருவத்தைச் சுருக்கினார். "வில்ஃப், நிஜமாவா சொல்ற?" என்றார். அந்தக் குரலில் கோபமில்லை. மருத்துவமனையில் படுத்திருக்கிறவனிடம் கேட்கிற குரல் அது.

வில்ஃபின் முகத்தில் கிண்டல் துளிகூட இல்லை. நாற்பத்தெட்டு வருடமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? மனதாரப் பாராட்டியிருக்கிறார். எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பது மெல்ல அவருக்கு உறைத்தது. ஏதோ தவறிவிட்டது, என்ன என்று தெரியவில்லை. நெற்றியிலிருந்த கண்ணாடியைத் தடவித் தேடினார். அப்புறம் என்னைப் பார்த்தார். சந்தையில் கை நழுவித் தொலைந்துபோன குழந்தை பார்ப்பதுபோல் பார்த்தார். திருத்தாமல் மூடிவைத்த பத்திரிகைகள் எல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்துபோயின. அவருக்குப் புத்தி வந்திருக்கவில்லை, ஞாபகம் போய்க்கொண்டிருந்தது.

"கிண்டல் பண்றாருப்பா!" என்று உரக்கச் சிரித்தேன். "இதுக்கு நேத்தே ஒத்திக பாத்துட்டாரு. ஐம்பத்தஞ்சுல மஞ்சக் கோடு ஏது? டெஸ்மண்ட், உன் ரயிலு அஞ்சு வருஷம் சீக்கிரமா வந்துருச்சாம். லேட்டா வர்ற ரயிலத்தான் நாம பாத்திருக்கோம், இல்லையா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. டெஸ்மண்டின் காதுகள் சிவந்தன. "எனக்குத் தெரியாது," என்றார் தரையைப் பார்த்து. "யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்." மேசையின் மறுகோடிக்கு, சிக்னல் நெம்புகோல்கள் இருக்கும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

ஜெஃப்ரி என்னிடம் வந்தார். இப்போது அவர் குரலில் கோபம் மட்டும்தான் இருந்தது. "இன்னிக்கு ஆள் பத்தாது, ஓட்டட்டும். நாளையிலருந்து வேண்டாம். உன்னையும் சேத்துத்தான் சொல்றேன் டோரீன். புருஷனுக்கு ஏத்த பொண்டாட்டி."

"சரி," என்றேன். கொடுமைக்காரன் என்று திட்டட்டும். அது வில்ஃபுக்குப் பழகின பெயர், அந்தப் பெயரோடு தலை நிமிர்ந்து வெளியே போவார். ஐயோ பாவம் என்று யாரும் அவர் தோளைத் தட்டிவிடக் கூடாது. டெஸ்மண்ட் நின்ற பக்கம் மட்டும் நான் திரும்பவில்லை.

வில்ஃப் என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"அது தப்பா டோரீன்?"

"ஆமா."

"நான் கிண்டலா பண்ணேன்?"

"ஆமா, வில்ஃப்."

"ஓ." கொஞ்சம் யோசித்தார். "எனக்குப் புடிச்சிருந்துச்சே."

பத்து மணிக்குக் கதவு திறந்தது. மழைக்கோட்டுகளோடும் தள்ளுவண்டிக் குழந்தைகளோடும் கூட்டம் வந்து தடுப்புக் கயிற்றில் சாய்ந்தது. பார்வையாளர்கள் இருக்கும்போது எங்கள் ஆட்கள் மேசைக்கு மேல் பேசிக்கொள்ள மாட்டார்கள். நிஜ ரயில் மாதிரிதான். சிக்னல்காரர் நெம்புகோலை இழுத்துச் சிக்னல் கம்பத்தின் கையை உயர்த்தினால் ஓட்டுநர் கிளம்ப வேண்டும், இறங்கியிருந்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. வில்ஃப் கட்டுப்பாட்டுப் பெட்டியின் திருகைப் பிடித்து ரயிலைப் பிளாட்பாரத்துக்குள் கொண்டுவந்தார். கண்ணாடித் தம்ளரைத் துணிமேல் வைக்கிற மாதிரி ஒரு குலுக்கலும் இல்லாமல் நிறுத்தினார். ஒரு சிறுமி கை தட்டினாள்.

மறுகோடியில் டெஸ்மண்ட் நெம்புகோலை இழுத்தார். சிக்னலின் சிறிய சிவப்புக் கை மேலே ஏறியது. ரயில் கிளம்பவில்லை.

நான் கெண்டியைக் கீழே வைத்தேன். வில்ஃப் சிக்னலையேதான் பார்த்துக்கொண்டிருந்தார், பணிவோடு, காத்திருக்கிற ஓட்டுநராக. விரல்கள் திருகின் மேலேயே இருந்தன. கூட்டத்தில் ஒருவர், "கரண்டு போச்சா?" என்றார். ஜெஃப்ரி அப்போது வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியிலிருந்து ஓடினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஓடாவிட்டாலும் பார்க்கத்தான் போகிறார்கள்.

டெஸ்மண்ட் நிமிர்ந்து வில்ஃபைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மேசையின் முழு நீளத்தையும் தாண்டி, அடுப்படி ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை, திருப்ப முடியவில்லை. புரிந்தது என்பதுபோல் அவர் தலையை மிக லேசாக அசைத்த மாதிரி இருந்தது. பிறகு குனிந்து, நெம்புகோலைத் தள்ளி சிக்னல் கையை முழுக்கக் கீழே இறக்கினார். கொஞ்சம் பொறுத்து, அந்தத் தடித்த விரல்களால், மெதுவாக, மிக மெதுவாக, அதை மறுபடியும் மேலே தூக்கத் தொடங்கினார்.